பூட்டி வைத்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து ஓர் அம்மா நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) பருப்புத் தோல் உரிக்கும் வேலை பார்க்கிறார். கணவர் சவுதியில் இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. பேச்சும் தெளிவாக வராது, வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் புரியும். வயதுக்கு வந்ததும் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு கல்யாண வீடு, சர்ச், திருவிழா எதற்கும் அவளைக் கூட்டிப்போவதில்லை. இளையவள் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் மரங்களைக் கணவரின் சித்தப்பா மகன் வெட்டுகிறார் (பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் வெட்டு என்பார்கள்). பால் எடுத்து, ஷீட் அடித்து, மதியம் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போவதும் அவர் பொறுப்பு. அதற்காக ஒரு சாவி அவரிடம் இருக்கிறது. பிள்ளை அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். வரும்போது மிட்டாய், வளையல், ரிப்பன் என்று ஏதாவது வாங்கிவருவாராம்.

கடந்த ஓராண்டாகப் பிள்ளையிடம் மாற்றம். இரவில் படுக்கையை நனைக்கிறாள். குளிப்பாட்டப் போனால் அம்மாவின் கையையே தட்டிவிடுகிறாள். ஒருமுறை மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போய் வந்தது. மெதுவாகக் கேட்டபோது "சித்தப்பா… வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அழுதாள். இவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்னும் பலமாகப் பூட்டி வைப்பதா, ஏதாவது இல்லத்தில் கொண்டு விடுவதா என்று கேட்கிறார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிறகு பயமில்லை என்று கணவரின் அக்கா சொல்கிறாராம். அது சரியா? போலீசுக்குப் போனால், "அவளுக்க பேச்சை யாரு நம்புவா?" விஷயம் வெளியே தெரிந்தால் இளையவளின் கல்யாணம் என்ன ஆகும்?

அன்புள்ள சகோதரி,

எல்லாக் கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து வெட்டு நின்ற நாட்களில் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், வெட்டு தொடங்கியதும் பழையபடி கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான விவரம் அதுதான். அதைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான். தேதிகளோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெட்டு எப்போது நின்றது, எப்போது தொடங்கியது, மாதவிலக்கு எந்த மாதம் தள்ளிப்போனது, அவள் சொன்ன வார்த்தை என்ன, அன்று என்ன நாள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அவள் சொன்னதை உங்கள் பேச்சில் திருத்தி எழுதாதீர்கள். அவள் வாயில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும்.

அந்த ஆள்தான் தவறு செய்தார் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடித்திருக்கலாம், மிரட்டியிருக்கலாம், அந்த நேரத்தில் வேறு யாராவது வந்து போயிருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை எல்லாம் சேர்த்துப் பார்க்கிற எந்த மருத்துவரும் வக்கீலும் இதைச் சும்மா விடமாட்டார். நீங்களும் விட வேண்டாம். ஒருவரைத் தண்டிக்கத்தான் ஆதாரம் வேண்டும். பிள்ளையைக் காப்பாற்ற உங்கள் சந்தேகமே போதும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

முதலில் பூட்டை மாற்றுங்கள். அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவார், பிள்ளையை மிரட்டவும் கூடும். "சின்னவளுக்கு லீவு, வீட்டில் ஆள் இருக்கிறது, சோற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் போதும். வெட்டையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். மரம் எங்கேயும் போய்விடாது. அடுத்த ஏற்பாடு ஆகும்வரை பிள்ளையோடு நீங்களோ, உங்கள் அம்மாவோ, நம்பகமான ஒரு பெண்ணோ கூட இருக்க வேண்டும். அண்டி ஆபீஸில் சில நாள் கூலி போகும். அது உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கர்ப்பம் இருக்கிறதா, நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எஃப்.ஐ.ஆர் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அது சட்டம். போலீஸ் வந்து நிற்கும்போது நீங்கள் பதறிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பரிசோதனைக்கு அவளுடைய சம்மதம் வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். விரல் விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. அதைச் செய்பவர்கள் மீது நடவடிக்கை உண்டு என்று 2022இல் திரும்பவும் சொன்னது.

நீங்கள் இதைப் படிப்பதற்குள் மறுபடி ஏதாவது நடந்திருந்தால் அவளைக் குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். உடுப்பைத் தாள் கவரில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். உடலிலிருந்து தடயம் எடுக்க நான்கு நாள், அதாவது 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். அந்த மூன்று நாளில்தான் பெரும்பாலான குடும்பங்கள் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்துவிடுகின்றன.

அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். "சித்தப்பா இங்கே தொட்டாரா?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கவும் வேண்டாம். ஆமாம் என்று தலையாட்டினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தால் அவள் ஆட்டிவிடுவாள். நாளைக்கு அம்மா சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அவளாகச் சொன்னால் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது மக்களே, உன் மேல் தப்பு இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். விவரம் கேட்கும் வேலையைப் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

பூட்டு ஏன் அவளைக் காப்பாற்றவில்லை

"மூளை வளர்ச்சி இல்லாததாலதான் எனக்க பிள்ளைக்கு இந்தக் கதி" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை நீங்கள் விட வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய குறைபாடு யாரையும் அவள் மேல் கை வைக்கச் செய்யவில்லை. பகல் முழுக்க அவளைப் பார்க்க ஒருவருமில்லை, அவள் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிய இன்னொரு ஆள் இல்லை, அவள் இருக்கிறாளா என்று விசாரிக்கிற பக்கத்து வீடு இல்லை. கெட்ட எண்ணம் உள்ள ஒருவனுக்கு வாய்ப்பாக அமைவது இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் நடந்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, குறைபாடுள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைப் போல 2.9 மடங்கு என்று கணக்கிட்டது. அறிவுசார், மனநலக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது 4.6 மடங்கு. குறைபாட்டின் வகையைப் பொறுத்து ஆபத்து இப்படிக் கூடுவதற்குக் காரணம் உடம்பின் பலவீனம் மட்டும் இல்லை. தனக்கு நடந்ததைச் சொல்ல யாருக்கு வழி குறைவோ, சொன்னாலும் யாரை ஊர் நம்பாதோ, அவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டையே பார்ப்போம். எட்டு வருடமாக அவளுக்கு வெளியே ஒரு சிநேகிதி இல்லை. தன் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பேசியதில்லை. நாள் முழுக்க அடைந்து கிடக்கிற 22 வயதுப் பெண்ணுக்கு, மதியம் ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வளையல் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வாங்கிவந்ததை அவள் ஆசையாக வாங்கிக்கொண்டதில் தப்பு ஒன்றுமில்லை. யாராவது தன்னைத் தேடி வர வேண்டும் என்று அவள் ஏங்கியிருக்கிறாள். அந்த ஏக்கத்தை வைத்துத்தான் இப்படிப்பட்டவர்கள் நெருங்குவார்கள். கடைசியில், வாயை மூடு, அம்மாவிடம் சொன்னால் இனி வர மாட்டேன் என்பார்கள்.

இன்னொன்று, "சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளை" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் அப்படித்தான் வளர்க்கிறோம். பெரியவர்கள் சொன்னால் எழுந்திரு, உட்கார், உடுப்பைக் கழற்று, பேசாமல் இரு. குளிப்பாட்ட, உடுத்த, மாதவிலக்குத் துணி மாற்ற யார் யாரோ தொடுகிறார்கள். எந்தத் தொடுதல் உதவிக்கு, எது தப்பு என்று பிரித்துச் சொல்லித் தந்தவர் இல்லை. உடம்பின் மறைவிடங்களுக்குப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பள்ளியில் மற்றப் பெண்களுக்கு ஏதோ கொஞ்சமாவது சொல்லித் தருகிறார்கள். அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தியபோது அதுவும் போயிற்று. இத்தனைக்கும் பிறகும் அவள் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள் என்றும், வேதபாட வகுப்பில் இனி அனுப்ப வேண்டாம் என்றார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளை வீட்டுக்குள் தள்ளியது ஊர். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள், அவ்வளவுதான். பூட்டால் பாதுகாப்பு வரும் என்று நம்பினீர்கள். ஆனால் ஆபத்து பெரும்பாலும் சாவி உள்ளவரிடமிருந்தே வருகிறது. சென்னை அயனாவரத்தில் 2018இல் வெளியான வழக்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்கும் திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி அவள். 2020இல் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட 15 பேரில் லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று அந்தக் குடியிருப்பில் தினமும் புழங்கியவர்கள் இருந்தார்கள். ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையில்லாத பெண்ணின் வழக்கில் குற்றவாளி அவளுடைய அண்ணன்மாரின் சிநேகிதன், வீட்டுக்கு வழக்கமாக வந்து போகிறவன்.

ஆகவே இன்னும் பலமாகப் பூட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். அவளைச் சுற்றி ஆட்கள் அதிகமாக வேண்டும்.

கர்ப்பப்பையை எடுப்பது, இல்லத்தில் விடுவது

கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது, அவ்வளவுதான். யாரும் அவளைத் தொடாமல் இருக்கப் போவதில்லை. வெளியே தெரியாது என்ற தைரியம்தான் தொடுபவனுக்கு வரும். இந்த யோசனை சொல்பவர்கள் பிள்ளையின் வலியைப் பற்றி யோசிக்கவில்லை, குடும்பத்தின் பெயரைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். 1994இல் மகாராஷ்டிராவில் ஓர் அரசு விடுதியிலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு இப்படிக் கர்ப்பப்பையை எடுத்தபோது நாடே கொதித்தது. இன்றைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 10: ஒருவருடைய சுதந்திரமான, விவரம் தெரிந்த சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்த மருத்துவமும் செய்யக் கூடாது. கணவரின் அக்கா ஆயிரம் சொல்லட்டும், நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். மாதவிலக்கு நாட்களைச் சமாளிக்கச் சொல்லித் தர முடியும். பழகினால் பெரும்பாலான பெண்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் கலங்க வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருவைக் கலைக்கலாம். அதிலும் அவள் மனம் என்ன என்று கேட்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் விருப்பத்தை மீறிக் கருவைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சண்டிகர் வழக்கில் சொன்னது. கலைப்பதாக இருந்தால் கருவின் திசுவை டி.என்.ஏ. சோதனைக்குப் பாதுகாத்து வைக்கும்படி டாக்டரிடம் எழுதிக் கேளுங்கள்.

இல்லத்தைப் பற்றி: நல்ல இல்லங்கள் உண்டு. ஆனால் பயத்தில் கொண்டு தள்ளுகிற இடமாக அது இருக்கக் கூடாது. 2023இல் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்தில் தங்கியிருந்தவர்களை அடித்தார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள் என்று புகார்கள் கிளம்பின. எப்போதாவது அந்த முடிவுக்கு வந்தால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று பாருங்கள். விடாத இடம் வேண்டாம். இப்போதைக்கு அவளுக்கு வேண்டியது பகல் நேரத்தில் போய்வர ஓர் இடம். இரவில் உங்களோடு இருக்கட்டும்.

போலீசும் கோர்ட்டும் நம்புமா

டாக்டர் சீட்டில் "ஆறு வயதுக்குரிய வளர்ச்சி" என்று இருப்பதால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வராது. பிறந்த தேதிப்படியான வயதைத்தான் பார்க்க வேண்டும், மன வயதை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்த்துவிட்டது. ஆனால் இது அவள் 18 வயதுக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தால் அந்தக் காலத்துக்குப் போக்சோ வரும். நோட்டில் தேதிகளை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

அதனால் வழக்கு லேசாகிவிடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 64இன்படி, மனக் குறைபாடோ உடல் குறைபாடோ உள்ள பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். உறவினரும் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவரும் செய்தாலும் அதே கடுமை. வளையலை வாங்கிக்கொண்டாள், கத்தவில்லை என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. எதிர்த்துப் போராடவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் சம்மதித்தாள் என்று கொள்ள முடியாது என்று சட்டமே சொல்கிறது. நடந்தது வன்புணர்வு என்ற அளவுக்குப் போகாமல், தன் பிடியில் உள்ள பெண்ணைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதாக இருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 92இல் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

நீங்கள் பயப்படுவது ஸ்டேஷனை நினைத்து. மாற்றுத்திறனாளியின் புகாரை அவருடைய வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ வந்து எழுத வேண்டும். பெண் அதிகாரி எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ கூட இருக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். இது 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173. மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலமும் இப்படித்தான். அந்த வாக்குமூலமே விசாரணையில் முதல் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும். முழுக் கதையையும் அவள் கோர்ட்டில் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. குறுக்கு விசாரணை மட்டும் இருக்கும். பேச்சு வராதவர் சைகையால், படத்தால் சொன்னாலும் அது சாட்சியம்தான்.

யார் நம்புவார் என்று கேட்டீர்கள். நான் மேலே சொன்ன ஆந்திரப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் மற்றவர் சாட்சியத்தைவிடக் குறைந்தது இல்லை, குறைபாட்டைக் காரணம் காட்டி அதை ஒதுக்கக் கூடாது என்றது. சட்டம் இப்படி இருந்தாலும் ஸ்டேஷனில் நடப்பது சில நேரம் வேறு. "மனநிலை சரியில்லாத பிள்ளை, எதை வைத்துக் கேஸ் போட?" என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். அதனால் தனியாகப் போகாதீர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் 15100. குழித்துறை, பத்மநாபபுரம் கோர்ட்டுகளிலும் வட்ட அளவில் இந்த உதவி உண்டு. பெண்கள் உதவி எண் 181இல் பேசினால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசகர் கிடைப்பார். புகாரை வாங்க மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் போட இன்னும் மனம் வரவில்லை என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கொடுமை நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 7இன்படி நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தகவல் தரலாம். அவர் உடனே தடுக்க நடவடிக்கை எடுக்கவோ உத்தரவிடவோ வேண்டும். உங்கள் பகுதி பத்மநாபபுரம் கோட்டத்தில் வருகிறது, சப்-கலெக்டரிடம் போகலாம்.

நீங்கள் எடுக்கவே கூடாத வழி ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்களையோ சர்ச் கமிட்டியையோ வைத்துப் பேசி, பணம் வாங்கி முடித்துக்கொள்ளலாம் என்று உங்களைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பார்கள். வன்புணர்வு வழக்கு சமரசம் செய்துகொள்ளக் கூடியது இல்லை. அப்படிப் பேசி முடித்த பிறகு அவர் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பார், உங்கள் பிள்ளை மறுபடி உள்ளே போவாள். பணம் தேவைப்பட்டால் அதற்குச் சட்டப்படியான இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆணைக்குழுவிலேயே விண்ணப்பிக்கலாம்.

இளையவளின் கல்யாணம்

பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. பத்திரிகைக்கு மட்டுமில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவருக்கும் இது பொருந்தும். அதனால் ஊர் வாயை முழுதாக அடைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போலீஸ் ஜீப் வந்தால் அடுத்த ஞாயிறு ஆராதனைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். போலீஸ் உடுப்பில் வர வேண்டாம், தனி வண்டியில் வாருங்கள் என்று முதலிலேயே வக்கீல் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இளையவளிடம் கேட்காமல் அவள் பெயரைச் சொல்லி நீங்கள் முடிவெடுக்காதீர்கள். நர்சிங் படிக்கிற பெண் அவள். அக்காவுக்கு நடந்ததை மறைத்துவைத்துச் செய்கிற கல்யாணம் தனக்கு வேண்டாம் என்று அவளே சொல்லக்கூடும். இத்தனை நாள் இதை நீங்கள் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள், அவளுக்கும் சொல்லுங்கள்.

இனி அவளுடைய பகல்

அவளுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டை இல்லையென்றால் அரசின் கணக்கில் அவள் இல்லை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள நல அலுவலகத்தில் கேட்டு, மருத்துவ முகாம் நாளில் கூட்டிப்போய் அட்டை எடுங்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது, அதற்கும் அங்கேயே மனுக் கொடுங்கள். நேரம் குறைவாக வேலை பார்க்க நேர்ந்தால் அந்தத் தொகை கைகொடுக்கும். பகல் நேரப் பயிற்சி மையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கானவர்கள்தான், ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் குளிப்பாட்டும்போதே தொடங்கலாம். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் சொல்லுங்கள், மறைவிடங்களுக்கும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். "சோப்புப் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அவள் வேண்டாம் என்றால் கையை எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நிற்கும் என்று உங்களிடம்தான் அவள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அவளே குளிக்கவும் மாற்றவும் பழக்குங்கள், தொடும் கைகள் குறையும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிப்போங்கள். முதல் சில வாரம் பார்ப்பார்கள், பேசுவார்கள். அவள் பேச்சு புரிகிற ஆட்கள் வீட்டுக்கு வெளியே நாலு பேராவது உருவாக வேண்டும், அதற்கு அவளை அவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்கள் என்று தொடங்குங்கள்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவருடைய சொந்தத் தம்பி முறை ஆள் என்பதால் முதலில் நம்ப மறுப்பார், கோபம் உங்கள் மேலேயும் திரும்பலாம். பூட்டை மாற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவாக இருக்கும், அவசரமில்லாமல் பேசலாம். டாக்டர் என்ன சொன்னார், நோட்டில் என்ன தேதிகள் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் அங்கிருந்து கோபத்தில் அந்த ஆளுக்கு நேராகப் போன் போட்டுவிடக் கூடாது. முதலில் அந்த உறுதியை வாங்கிக்கொள்ளுங்கள்.